லாட்டிட்யூட்: கோடா, இடமா?

இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை: லாட்டிட்யூட்.

பள்ளிக்கூடத்துல அட்சரேகைன்னு படிச்சோம். பூமத்திய ரேகை 0 பாகை, துருவம் 90 பாகை. சென்னை சுமார் 13, கன்னியாகுமரி சுமார் 8. ஒரு பாகைக்கும் அடுத்த பாகைக்கும் நடுவே ஏறக்குறைய 111 கிலோமீட்டர். எல்லாம் கறாரான கணக்கு.

அதே வார்த்தையை ஆங்கிலத்துல வேற மாதிரியும் சொல்றாங்க. மேலதிகாரி "உங்களுக்கு லாட்டிட்யூட் தர்றேன்" என்றால், சொந்தமாக முடிவெடுக்க இடம் தருகிறார் என்று பொருள். கறாரான கோட்டுக்கும் இந்த நெகிழ்வுக்கும் என்ன சம்பந்தம்?

லத்தீன் மூலத்தில் அதன் பொருள் 'அகலம்', அவ்வளவுதான். 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி காலத்தில், அறிந்த உலகம் கிழக்கு மேற்காக நீளம். வடக்கு தெற்காக அகலம். அந்த அகலத்தின் அளவுதான் லாட்டிட்யூட். தமிழில் அகலாங்கு, அகலக்கோடு என்கிறோமே, அதுவும் இதே பொருள்தான்.

அகலம் இருந்தா நகர இடம் இருக்கும். அங்கிருந்துதான் இரண்டாவது அர்த்தம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், சடங்குகளிலும் கோட்பாட்டு நுணுக்கங்களிலும் பிடிவாதம் வேண்டாம் என்ற பாதிரியார்களை 'லாட்டிட்யூடினேரியன்' என்று பழித்தார்கள். பரந்த மனசு அன்னைக்கு ஒரு வசவு!

புகைப்படக்காரர்களும் இதைச் சொல்வாங்க. நெகட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் கொஞ்சம் கூடக் குறைய விழுந்தாலும் படம் தேறிடும். அதற்கு லாட்டிட்யூட் அதிகம். ஸ்லைடு ஃபிலிம் அவ்வளவு தாங்காது. எது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துதான் படம் எடுப்பார்கள்.

இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அகலம் என்றாலே அதற்கு அளவு உண்டு. கிழக்கே போனால் பூமியைச் சுற்றிக்கிட்டே இருக்கலாம். வடக்கே போனால் 90 பாகையில் முடிஞ்சுபோகும்.

நம்ம ஊர்ல "இடம் கொடுத்தா மடம் பிடுங்குவான்"னு பயந்து பலர் இடமே கொடுக்கிறதில்லை. வேறு சிலர், "உங்க இஷ்டம்போல செய்யுங்க"ன்னு சொல்லிட்டு, செஞ்ச பிறகு "யாரைக் கேட்டுச் செஞ்சே?"ன்னு பாய்வாங்க. எவ்வளவு செலவு வரை, எந்த முடிவு வரை என்று முன்கூட்டியே சொல்லாததுதான் இரண்டுக்கும் காரணம். வேலையிலோ வீட்டிலோ ஒருத்தருக்கு இடம் கொடுக்கும்போது அது எத்தனை பாகைன்னும் சொல்லிடுங்க. அப்போதான் அவங்க பயமில்லாம நகருவாங்க.

அடுத்த வாரம் இன்னொரு வார்த்தையோட சந்திப்போம்.