மன்னிச்சது வேற, சேர்ந்தது வேற

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சட்ட உதவித் தன்னார்வலராகப் பணி செய்யும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



கிறிஸ்தவக் குடும்பங்களில் கணவன் மனைவி பிரிவது பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர், "இது நம்ம ஆட்களுக்கு இல்ல போல" என்று எழுந்திருக்கப் பார்த்தீங்க. உட்காருங்க. சட்டத்தின் பெயர் மதத்துக்கு மதம் மாறும். வீட்டுக்குள் நடப்பது அவ்வளவாக மாறுவதில்லை. நான் கோயிலுக்குப் போகிறவள். ஞாயிறு தவறினால் எனக்கு அந்த வாரமே சரியிருக்காது. அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

நம்ம குழுக்களில் வரும் புகார்களில் பாதி கடன் தவணை சம்பந்தமாகத்தான் ஆரம்பிக்கும். "மூணு மாசமா அவ கட்டலை" என்பார்கள். போய் உட்கார்ந்து விசாரித்தால் பணத்துக்கு அடியில் வேறு ஒன்று இருக்கும். அப்படித்தான் ஒரு உறுப்பினரைப் போன வருஷம் பார்க்கப் போனேன். பெயரும் ஊரும் வேண்டாம். பேசுவதற்கு அவங்க அனுமதி கொடுத்திருக்காங்க. கணவர் வெளியூருக்கு வேலைக்குப் போனவர். அங்கே இன்னொரு பெண்ணோடு குடித்தனம். ரெண்டு வருஷம் கழித்து வேலையும் போய், கையிலும் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார். இடையில் குழுவில் இந்த அம்மா பெயரில் எடுத்த கடனையும் அவர்தான் வாங்கிப் போயிருந்தார். அந்தத் தவணைதான் நின்று போனது.

வந்தவர் நேரே வீட்டுக்கு வரவில்லை. சபைப் பெரியவர்களிடம் போனார். விவரமானவர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லார் முன்னாலும் முழங்கால் போட்டு அழுதார். உடனே எல்லார் கண்ணும் இந்த அம்மா பக்கம் திரும்பியது. "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. ஆண்டவரே ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்காரு."

அவங்க எழுந்து நின்று சொன்னாங்க: "மன்னிச்சிட்டேன் ஐயா. ஆனா வீட்டுக்குள்ள எடுக்கிறதப் பத்தி நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

சபை அப்படியே அமைதியாகிவிட்டதாம். "திமிரைப் பாரு" என்று பின்னால் யாரோ சொன்னது அவங்க காதிலும் விழுந்திருக்கிறது. எனக்கு அது திமிராகத் தெரியவில்லை. மன்னிக்கிறது ஒன்று, மறுபடி சேர்ந்து வாழ்கிறது இன்னொன்று. ரெண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு பெண் கழுத்தில் மாட்டுவதைத்தான் நாம் காலங்காலமாகச் செய்து வருகிறோம். அந்த அம்மா முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்.

ஏழெழுபது தரம் என்கிற வசனம் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை எல்லாருக்கும் தெரியும். அதே அதிகாரத்தில், அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன இருக்கிறது என்று வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்க. உனக்கு ஒருவன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய் அவனிடம் சொல்லு. கேட்காவிட்டால் ரெண்டு மூணு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்லு. சபைக்கும் கேட்காதவனை வெளியாளாக எண்ணிக்கொள் என்று இருக்கிறது. குற்றத்தைக் குற்றம் என்று வாய்விட்டுச் சொல்கிற இடம் முதலில் வருகிறது. மன்னிப்புப் பிறகுதான் வருகிறது. நமக்கு மட்டும் ஏன் பின்பாதியை மட்டும் வாசித்துக் காட்டுகிறார்கள்?

அடுத்த 19-ஆம் அதிகாரத்தில்தான் மனைவியைத் தள்ளிவிடுவது பற்றிய கேள்வி வருகிறது. கேட்டவர்கள் ஆண்கள். அந்தக் காலத்தில் ஒரு ஆண் தள்ளுதற்சீட்டு எழுதிக் கையில் கொடுத்தால் போதும், மனைவி வீதிக்கு வந்துவிடுவாள். என்ன காரணத்துக்கு வேண்டுமானாலும் அப்படி அனுப்பலாமா என்பதுதான் அவர்கள் கேட்டது. கூடாது என்று இயேசு சொன்ன கண்டிப்பான பதிலை, வீதிக்குத் துரத்தப்படும் பெண்ணுக்குக் கிடைத்த காவலாகத்தான் நான் வாசிக்கிறேன். அதே வார்த்தையை இன்றைக்கு, அடிபட்டுக் கிடக்கிறவளைப் பார்த்து "நீ வெளியே போகக் கூடாது" என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். காவலுக்குப் போட்ட வேலியை அவளைப் பூட்டி வைக்கிற கதவாக்கிவிட்டார்கள். இன்னொன்றும் கேட்கிறேன். விபசாரத்தில் கையும் களவுமாகப் பிடித்தோம் என்று இயேசு முன்னால் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்களே, கூட இருந்த ஆண் எங்கே? அவன் மட்டும் எப்படித் தப்பினான்?

அவன் தப்பித்த கதை நம்ம சட்டப் புத்தகத்திலும் இருந்தது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அதில், மனைவி சோரம் போனாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விடுதலை கிடைத்துவிடும். மனைவிக்கு அது போதாது. கணவன் சோரம் போனதோடு கொடுமையும் செய்திருக்க வேண்டும், அல்லது இரண்டு வருஷமாவது கைவிட்டிருக்க வேண்டும். அவனுக்கு ஒரு குற்றம், அவளுக்கு ரெண்டு குற்றம். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் இந்த வித்தியாசத்தை 1923-இல் எடுத்துவிட்டார்கள். நமக்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க, 132 வருஷம். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பலருக்குக் கல்யாணம் ஆனபோது அந்தப் பழைய சட்டம்தான். உங்க அம்மாமார் பொறுத்துப் போனதில் எவ்வளவு பக்தி, எவ்வளவு சட்டம் வழிவிடாதது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

2001 திருத்தத்துக்குப் பிறகு கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே மாதிரிதான். சோரம் போனது மட்டும் போதும். கொடுமை மட்டும் போதும். இரண்டு வருஷம் கைவிட்டுப் போனது மட்டும் போதும். ரெண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிற வழியும் அப்போதுதான் வந்தது. வழக்கு நடக்கும்போது கணவன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஜீவனாம்சம் கிடையாது என்றிருந்த வரம்பும் போய்விட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சோரம் போவது ஜெயிலுக்குப் போகிற குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னதும், "இனிமே ஒண்ணும் கேக்க முடியாது" என்று சில ஆம்பிளைங்க டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தப்பு. விவாகரத்துக்கு அது அப்போதும் காரணம்தான், இப்போதும் காரணம்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. கணவன் செய்த துரோகத்தை மனைவி மன்னித்துவிட்டால், அந்தத் துரோகத்தைக் காட்டி விவாகரத்துக் கேட்க முடியாது என்று இந்தச் சட்டம் சொல்கிறது. ஐயோ, அப்படியானால் ஜெபக்கூட்டத்தில் மன்னிச்சிட்டேன் என்று சொன்னவள் கதி என்ன? அதற்கும் 14-ஆம் பிரிவில் பதில் இருக்கிறது. மறுபடி கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ ஆரம்பித்தால், அல்லது தெரிந்த பிறகும் தொடர்ந்து வாழ்ந்தால்தான் அது சட்டப்படி மன்னிப்பு. வாயால் சொன்னது மட்டும் கணக்கில் வராது. அந்த அம்மா சபையில் நின்று பிரித்துச் சொன்னாங்களே, அதைத்தான் 1869-இல் எழுதிய சட்டமும் சொல்கிறது! அவங்க எந்தச் சட்டத்தையும் படித்தவங்க இல்லை.

கத்தோலிக்கச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் திருச்சபைச் சட்டமும், துரோகம் செய்தவரை மன்னிக்க மறுக்காதீர்கள் என்று வருந்திக் கேட்டுக்கொள்கிறது. கேட்டுக்கொள்வதோடு நிற்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பிரிந்து வாழும் உரிமை உங்களுக்கு உண்டு என்கிறது. ஆனால் விஷயம் தெரிந்த பிறகும் ஆறு மாதம் கணவன் மனைவியாகவே வாழ்ந்து, எங்கேயும் முறையிடாமல் இருந்தால் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். அந்த ஆறு மாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி, கோர்ட்டில் விவாகரத்து வாங்கினாலே நற்கருணை கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றவோ, உரிமையைக் காப்பாற்றவோ வேறு வழியில்லாமல் கோர்ட்டுக்குப் போனவளைப் பாவி என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்லவில்லை. மறுமணம் செய்யும்போதுதான் கேள்வி வருகிறது. அதற்குத் திருச்சபையின் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே திருமணம் செல்லாது என்று தீர்ப்புக் கிடைத்தாலும் அரசாங்கச் சட்டப்படி அது விவாகரத்து ஆகாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட் உத்தரவும் கையில் இருக்க வேண்டும். கமிட்டியில் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் விவாகரத்தே இல்லை. அதை நம்பி இன்னொரு கல்யாணம் பண்ணி, பிறகு வழக்கில் மாட்டி அழுதவர்கள் உண்டு.

அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவங்க கதவை மூடிவிடவில்லை. மூணு காரியம் கேட்டாங்க. முதலாவது, அரசு மருத்துவமனையில் இருக்கிற நம்பிக்கை மையத்தில் இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்து சீட்டைக் காட்ட வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்பது பாவம் இல்லை. இரண்டாவது, குழுக் கடனை அவர் சம்பாதித்துக் கட்ட வேண்டும், அவரே கூட்டத்துக்கு வந்து கட்ட வேண்டும். மூணாவது, கடன் தீருகிற வரைக்கும் அவர் தன் அண்ணன் வீட்டில் இருக்க வேண்டும். சபையில் முணுமுணுத்தார்கள். "இது என்ன தவணைத் திட்டமா?" என்று ஒருவர் கேட்டார். ஆமா, தவணைதான். மனஸ்தாபம் என்று ஒருவர் அழுவதைக் கண்ணால் பார்க்கிறோம். மனந்திரும்பினது மாசாமாசம்தான் தெரியும். யோவான் ஸ்நானகனும் மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனியைக் கொடுங்கள் என்றுதானே கேட்டார்.

அவர் ஏழு தவணை கட்டியிருக்கிறார். இன்னும் அஞ்சு இருக்கிறது. பிறகு என்ன செய்வாங்க என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீங்க.

மன்னித்துச் சேர்ந்து நல்லபடியாக வாழ்கிறவர்களையும் எனக்குத் தெரியும். என் சொந்தத்திலேயே ஒரு அக்கா, கணவர் போய்த் திரும்பி வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, இப்போது அவர்தான் அவங்களுக்கு வாதம் வந்த காலைத் தேய்த்துவிடுகிறார். அதைக் குறைத்துப் பேச நான் யார்? அந்த அக்காவும் யாரும் தள்ளிவிட்டுச் சேரவில்லை, தானாகச் சேர்ந்தாங்க. சேர்ந்த பிறகு மறுபடி அதே வேலையை ஆரம்பித்தால் என்ன என்று கேட்பீங்க. மன்னிப்பு என்பது இனி இப்படிச் செய்யமாட்டேன் என்கிற நிபந்தனையோடுதான் என்று 1975-இல் ஒரு இந்துக் குடும்ப வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிபந்தனை மீறினால் பழைய குற்றமும் உயிர் பெற்றுவிடும்.

விவாகரத்தே வேண்டாம், ஆனால் சேர்ந்தும் இருக்க முடியாது என்கிறவர்கள் இருக்கீங்க. தாலி இருக்கட்டும், அடி வேண்டாம் என்கிறீங்க. கேலி செய்ய மாட்டேன். ஆண்டவர் முன்னால் கொடுத்த வாக்கு உங்களுக்குப் பெரிசு. அதே 1869 சட்டத்தில் நீதிமன்றப் பிரிவு என்று ஒன்று உண்டு. திருமணம் அப்படியே இருக்கும், பிரிந்து வாழ உத்தரவு கிடைக்கும். பராமரிப்புத் தொகைக்கு விவாகரத்து வேண்டியதே இல்லை. முன்னே 125 என்று சொல்வோமே, 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தில் 144. "வந்து சேர்ந்து இரு, சோறு போடுறேன்" என்று அவர் கோர்ட்டில் சொல்லலாம். வேறு பெண்ணை வைத்திருந்தால் நீங்கள் போகாமல் இருப்பதற்கு அதுவே நியாயமான காரணம் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அடி உதை இருந்தால் 2005 குடும்ப வன்முறைச் சட்டம், உடனே உதவிக்கு 181. வக்கீல் பீஸ் கட்ட முடியாது என்று யாரும் வீட்டில் உட்கார வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

குழுக்களுக்கு ஒன்று கேட்கிறேன். பிரிந்து வாழ்கிற உறுப்பினருக்குக் கடன் கொடுக்க யோசிக்கிறோம், "புருஷன் இல்லாதவ, எப்படிக் கட்டுவா" என்று. தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பாருங்க, தவணை தவறினதில் எத்தனை பேர் புருஷனுக்கு வாங்கிக் கொடுத்தவங்க என்று.

கடைசியாக ஒரு வேலை. கோர்ட்டுக்கு எது போனாலும் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழ். கோயில் பதிவேட்டில் இருக்கும், கையில் இருக்காது. சண்டை வந்த பிறகு போய்க் கேட்டால், யார் பக்கம் பேசுவது என்று கோயிலில் தயங்குவார்கள். சந்தோஷமாக இருக்கிறவங்களும் இப்பவே போய் வாங்கி, பிள்ளைகள் ஞானஸ்நானச் சான்றிதழோடு சேர்த்து, குழுப் பாஸ்புக் வைக்கிற அதே பையில் வைங்க. டிசம்பர் பிறந்துவிட்டால் ஐயருக்கும் சாமியாருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கும், அதற்கு முன்னால் போய்விடுங்க.