போகித் தீயும் பொங்கல் குப்பையும்

மார்கழித் திங்களின் இறுதி நாளைப் போகி என்கிறோம். வீட்டிற்கு வெள்ளையடித்து, ஒட்டடை நீக்கி, பயனற்ற பொருள்களைக் கழித்துத் தைத் திங்களை வரவேற்பது நம் மரபு. தூய்மையை விரும்பிய மக்கள் கண்ட நல்ல வழக்கம் இது. ஆயினும், அதன் பெயரால் நகரத் தெருக்களில் எழும் புகை தூய்மைக்குத் துணை செய்கின்றதா என்பதை மாணவர்களாகிய நீங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்நாளில் இல்லங்களில் கழிந்தவை யாவை? கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், நைந்த ஓலைக்கூடை முதலியனவே. அவை மண்ணில் விளைந்தவை. சாம்பலாகி மண்ணுக்கே திரும்பியவை. இந்நாளிலோ டயரும், பிளாஸ்டிக் பாயும், செயற்கை இழைத் துணியும் தீயில் விழுகின்றன. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயுவும், டையாக்சின் என்ற நச்சுப் பொருள்களும் தோன்றுகின்றன. வழக்கம் பழையதே, எரியும் பொருள்தான் மாறிவிட்டது.

அப்புகை உடனே கலைந்து போவதும் இல்லை. தை மாதத்தை ஒட்டிய இரவுகளில் நிலம் விரைவிற் குளிர்கின்றது. நிலத்தையொட்டிய காற்றும் குளிர்கின்றது. அதன்மேல் வெப்பம் மிகுந்த காற்று ஒரு மூடிபோல் அமைந்துவிடுகின்றது. மேலெழ இயலாத புகை பனியோடு கலந்து தெருவிலேயே தங்குகின்றது. 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் விமானங்கள் தாமதமானதும், சில வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டதும் இதனாலேயே. விமானம் வேறு ஊருக்குச் செல்லலாம். ஈளை நோயால் மூச்சுக்குத் திணறும் முதியவரும், தொட்டிலில் உறங்கும் குழந்தையும் எங்கே செல்வர்?

அவ்வாறாயின், கழித்தவற்றை என் செய்வது? உடுத்தத்தக்க துணியையும் படிக்கத்தக்க நூலையும் வேண்டுவோர்க்கு அளிக்கலாம். தாளையும் இரும்பையும் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுக்கலாம். அவை மீண்டும் ஆலைக்குச் சென்று புதுப்பொருளாகும். நைந்த வேட்டி கடைக்கு எடுத்துச் செல்லும் பையாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது; 2021இல் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. சட்டம் வழிகாட்டும்; கையிற் பையோடு புறப்பட வேண்டியவர் நாமே.

பொங்கலன்று மிகுவன கரும்புச் சக்கை, வாழையிலை, காய்கறித் தோல் ஆகியவை. இவற்றைப் பிளாஸ்டிக்கோடு கலந்து கொட்டினால், குப்பைமேட்டின் அடியில் காற்றின்றி அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடும். தனியே பிரித்து, துளையிட்ட பானையில் உலர்ந்த சக்கை ஓர் அடுக்கும் ஈரமான தோல் ஓர் அடுக்குமாக இட்டு, சிறிது மண் தூவி, அவ்வப்போது கிளறி வந்தால் சில திங்களில் உரமாகும். கரும்புச் சக்கையைச் சிறு துண்டுகளாக நறுக்கி இடுதல் நலம்.

நம் உழவர் வயலுக்கு எரு இடுவதைக் ‘குப்பை அடித்தல்’ என்பர். அவர்களுக்குக் குப்பை என்பது எறியும் பொருளன்று. அடுத்த விளைச்சலின் உணவு. உழவரைப் போற்றும் திருநாளில் அவர்தம் சொல்லின் பொருளையும் நாம் போற்றுவோமாக. வரும் போகியன்று உங்கள் இல்லத்து வாயிலில் புகை எழாதிருக்கட்டும். அண்டை வீட்டாரும் பொங்கலின் மணத்தையே நுகரட்டும்.