அம்மாவின் முகத்துக்கு எந்தக் கலர்?

(வட்டவளையில் நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)

போன கிழமை பிள்ளைகளிடம் அம்மாவின் முகத்தை வரையச் சொன்னோம். நல்லாத்தான் வரைந்தார்கள். கலர் தீட்டும்போது மட்டும் எல்லாரும் ஒரே பென்சிலுக்குச் சண்டை. வெளிர் ரோசாப் பென்சில். அதற்குத் "தோல் கலர்" என்று பேர். ஒரு பிள்ளையிடம், "உங்க அம்மா இந்த நிறமா?" என்று கேட்டேன். "இல்ல சேர், மண்ணிறம் தீட்டினா அம்மா அழகா இருக்க மாட்டாங்க" என்றது. மனசு சுருக்கென்றது. "வெயில்ல போகாத, கறுத்துப் போவ" என்று சொல்லி வளர்த்தது நாம்தானே!

அமெரிக்காவில் கிரயோலா கம்பெனியும் இப்படி ஒரு கலருக்குச் "சதை" என்று பேர் வைத்திருந்தது. 1962இல் அந்தப் பேரை மாற்றியது. 2020இல் மனிதத் தோல் நிறங்களுக்கென்றே 24 கலர்களை வெளியிட்டது. நம்ம தமிழ் ஓவியர் இளையராஜா, கும்பகோணத்துப் பக்கத்தவர், 2021இல் கொரோனாவில் காலமானார். கிராமத்துப் பெண்களை அவர்களுடைய மாநிறத்திலேயே வரைந்துதான் அவர் பேரெடுத்தார்.

பிள்ளைகளே, 24 கலர் வாங்கத் தேவையில்லை. 12 கலர்ப் பெட்டி போதும். முறை இதுதான்:

முதலில் அம்மாவை வாசல் பக்கம் உட்கார வையுங்கள். வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்று பாருங்கள். முகம் முழுக்க மஞ்சளை மெதுவாகத் தடவுங்கள். அதன்மேல் கொஞ்சம் செம்மஞ்சள், பிறகு மண்ணிறம். பென்சிலைக் கூராக வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தீட்டுங்கள். அழுத்தாதீர்கள். அழுத்தினால் பென்சிலின் மெழுகு தாளில் படிந்து வழுக்கும்; அடுத்த கலர் ஏறாது.

மூக்கு நுனி, வெளிச்சம் படும் கன்னம், இங்கே மண்ணிறத்தைக் குறையுங்கள். மூக்கின் பக்கம், தாடைக்குக் கீழே, கண்குழி, இங்கே இன்னொரு தரம் தீட்டுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், முகம் அழுக்காகத் தெரியும். மண்ணிறத்தின்மேல் கொஞ்சம் நீலம் போதும். உதட்டுக்கும் முதலில் மண்ணிறம், பிறகுதான் சிவப்பு. எந்தக் கலரையும் வேறு தாளில் தீட்டிப் பார்த்துவிட்டு முகத்தில் தொடுங்கள்.

கொழுந்து எடுக்கும் அம்மாவுக்குத் தலைத்துணி மறைக்கும் நெற்றி கொஞ்சம் வெளுத்திருக்கும். வெயில் பட்ட கன்னம் கறுத்திருக்கும். அதையும் தீட்டுங்கள். அது அவருடைய உழைப்பின் நிறம்.

தாய்மாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, "ஏன்டி என்னைக் கறுப்பாக்கிட்ட?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் அது மறுபடியும் ரோசாப் பென்சிலைத் தேடிப் போகும். "ஆமா, இது நான்தான்" என்று சொல்லி, படத்தைக் காம்பராச் சுவரில் ஒட்டி வையுங்கள்.