வேனிற் பழமும் குச்சி ஐஸும்

டில்லியில் மே மாதத்துப் பிற்பகலில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும்போது, தமிழ்க் குடும்பமாயினும் பஞ்சாபிக் குடும்பமாயினும், குழந்தைகள் கேட்பது குச்சி ஐஸ் ஒன்றைத்தான். நாமும் பல்லாண்டு காசு கொடுத்தனுப்பி வந்தோம். ஒரு வேனிலில் நம் இளைய மகன் டைபாய்டு கண்டு மூன்று வாரம் படுத்துவிட்டான். தெருவில் வாங்கிய ஐஸே காரணமென உறுதி கூற இயலாது. எனினும் மருத்துவர் முதலில் வினவியது அதைப் பற்றியே. ‘பாதுகாப்பான குடிநீர்’ என்ற தொடரை எத்தனையோ சுற்றறிக்கைகளில் மொழிபெயர்த்த கை நம்முடையது. ஐஸும் குடிநீர்தான் என்பது அதுவரை நமக்குத் தோன்றவில்லை!

உறைந்த பொருளில் கிருமி இராது என்று பலர் நம்புகின்றனர். அது தவறு. குளிர் கிருமிகளுட் பலவற்றை உறங்க வைக்குமேயன்றிக் கொல்லாது. ஆகவே கொதித்து ஆறிய நீரையும், நன்கு கழுவிய பழத்தையும் கொண்டு வீட்டிலேயே குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினோம்.

பழத்திற்கு வடக்கே பஞ்சமில்லை. அவற்றுள் நாம் முதலிடம் தருவது பால்ஸாவிற்கு. சுண்டைக்காய் அளவில், கருஞ்சிவப்பாய், புளிப்பும் இனிப்பும் கலந்த இக்கனியைத் தமிழ்நாட்டுக் கடைகளில் காண்பது அரிது. பறித்த ஓரிரு நாளில் கெட்டுவிடுமாதலால் தொலைவு செல்லாது. கால் கிலோ பழத்தைக் கழுவி, ஒரு தம்ளர் நீரில் கையாலேயே பிசைந்து வடிகட்ட வேண்டும். அரைவை இயந்திரத்தில் இட்டால் விதை உடைந்து சாறு துவர்க்கும். நான்கு மேசைக்கரண்டிச் சர்க்கரையும் ஒரு சிட்டிகைக் கறுப்பு உப்பும் போதும். ஐந்தாறு குச்சிகள் கிடைக்கும்.

சர்க்கரையில் ஒரு நுட்பம் உண்டு. குளிர்ச்சியில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். எனவே கலவை சற்றே தித்திப்பாயிருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்தால் சரியாக உறையாது. அறவே இல்லையெனில் பாறையாய் இறுகிவிடும். நன்கு கனிந்த பழமெனில் சிறிதளவே போதும். மாம்பழத்திற்கு அதுவும் தேவையில்லை. இங்கே ‘சஃபேதா’ என்று கூவி விற்பது நம் பங்கனப்பள்ளியேதான்; பெயர் புரியாமல் முதலாண்டு அதை வாங்காமலே விட்டோம். அதன் சதையோடு சிறிது கெட்டித் தயிரைச் சேர்த்தால், நீர் விடாமலே மிருதுவாய் உறையும். யமுனை மணலில் விளையும் முலாம்பழம் நீர்ச்சத்து மிக்கது. தனியே உறையவைத்தால் வெறும் பனிக்கட்டிபோல் நறநறக்கும். மாம்பழச் சதையோடு கலப்பது உசிதம்.

அச்சு இல்லையேல் சிறிய எவர்சில்வர் தம்ளர் போதும். உறையும்போது நீர் விரியுமாதலால் விளிம்புவரை ஊற்றலாகாது. ஒன்றரை மணி நேரம் சென்று, கலவை பாதி இறுகியபின் குச்சியை நட்டால் சாயாது நிற்கும். முழுதும் உறைய ஆறேழு மணி நேரம் ஆகும். வெளியே எடுக்கத் தம்ளரை வெந்நீரில் ஒரு கணம் அமிழ்த்துமாறு சொல்வார்கள். ஜூன் மாதத்து டில்லியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீரே அதற்குப் போதும்! ஆனால் அந்நீர் தம்ளரின் வெளிப்புறத்தை மட்டுமே தொடட்டும். மின்சாரம் நெடுநேரம் நின்று குச்சிகள் முழுதும் உருகிப்போயினவேல், மீண்டும் உறையவைத்துக் குழந்தைகளுக்குக் கொடாதீர்கள், கொட்டிவிடுங்கள். மனம் வராதுதான்.

ஜூன் இறுதியில் பால்ஸா மறையும், நாவற்பழம் தொடங்கும். புதுடில்லியின் பெருஞ்சாலைகளில் நிழலுக்கென நட்ட நாவல் மரங்களின் அடியில் துணி விரித்துக் கிளையை உலுக்குவார்கள். தரையில் நசுங்கிக் கிடப்பதை விடுத்து, துணியில் விழுந்ததைக் காலையிலேயே வாங்குங்கள். கொட்டை நீக்கிப் பிசைந்து, பால்ஸாவுக்குக் கூறிய அளவே உப்பும் சர்க்கரையும் சேர்க்கலாம். உண்டபின் நாக்கு ஊதாவாகிவிடும். பிள்ளைகள் அதை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டிக்கொள்வார்கள்.