மணலைக் காக்கிற ஊருக்கு என்ன கிடைக்கிறது?



வீடு கட்டுகிறவர் ஒரு யூனிட் ஆற்று மணலுக்கு, அதாவது நூறு கன அடிக்கு, கொடுக்கும் பணம் எங்கே போகிறது? பொக்லைன், லாரி வாடகை, டீசல், அரசுக் கட்டணம், இடைத்தரகர். ஆற்றுக்கு ஒரு காசும் இல்லை. வெள்ள நீரைப் பிடித்துவைத்து நிலத்தடிக்கு இறக்குவது அந்த மணல்தான். பாலாற்றில் அதை அள்ள அள்ளக் கரையோரக் கிணறுகள் வற்றின. விவசாயி கடன் வாங்கி போர்வெல்லை ஆழப்படுத்தினார். மணலின் உண்மையான விலையில் ஒரு பகுதியை அவர் கட்டினார்.

அந்த விலையை வரியாக வாங்க முயன்ற நாடுகள் உண்டு. சுவீடன் நாட்டில் சரளை மேடுகள் குடிநீரை வடிகட்டிச் சேமிப்பவை. அவற்றைக் காக்க, 1996இல் இயற்கைச் சரளைக்கு டன்னுக்கு 5 குரோனா வரி போட்டார்கள். பாறையை உடைத்து எடுக்கும் ஜல்லிக்கு வரி இல்லை. பிரிட்டன் 2002இல் மணல், சரளை, பாறை எல்லாவற்றுக்கும் டன்னுக்கு 1.60 பவுண்டு விதித்து, இடிபாடுகளிலிருந்து மறுசுழற்சி செய்ததை விட்டுவைத்தது.

அந்த வரிகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதாது. தமிழ்நாட்டில் 2003 முதல் ஆற்று மணல் எடுக்கும் உரிமை அரசிடமே இருக்கிறது. ஆனாலும் திருட்டு நிற்கவில்லை. இரவில் போகும் லாரி எந்த வரியும் கட்டுவதில்லை. வரி ஏறினால் சந்தை விலை ஏறும், திருடுகிறவருக்குத்தான் லாபம் கூடும். அதனால் மாற்றுப் பொருளை மலிவாகவும் நம்பகமாகவும் ஆக்குவதே முதல் வேலை. கிரஷர் தூசியை எம்-சாண்ட் (பாறையை உடைத்துத் தயாரிக்கும் மணல்) என்று விற்பதால்தான் பல கொத்தனார்கள் அதை நம்புவதில்லை. தரச்சான்று இல்லாத லோடுக்கு அரசு ஒப்பந்தங்களில் இடம் இருக்கக் கூடாது. எம்-சாண்டுக்காக மலைகளை உடைத்துக்கொண்டே போகவும் முடியாது. இடிந்த கட்டடங்களிலிருந்து கிடைக்கும் பொருளுக்குச் சலுகை கொடுத்தே தீர வேண்டும்.

கேரளம் 2001இல் கொண்டுவந்த சட்டம், மணல் விற்ற பணத்தில் பாதியை ஆற்று மேலாண்மை நிதிக்கு ஒதுக்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கும் மணலை அள்ளினால்தான் பணம்.

அள்ளாமல் விட்டதற்குப் பணம் வர வேண்டும் என்கிறேன். திருச்சிப் பக்கம் காவிரி மணலில் ஊறும் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இராமநாதபுரம் வரை போகிறது. அந்தக் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைக் கரையோர ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம். ஆண்டுதோறும் ஆற்றுப்படுகையின் மட்டத்தை அளந்து, அது இறங்காத ஊருக்கு முழுத்தொகை. இறங்கிய ஊருக்கு அந்த ஆண்டு நிறுத்தம். கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். அப்போது நள்ளிரவில் லாரிச் சத்தம் கேட்டால், அது தங்கள் ஊர்ப் பணம் போகிற சத்தம் என்று மக்களுக்குத் தெரியும்.