கல்லூரிக்கு முன்னால் வார்டு



1946ஆம் ஆண்டு இந்தியாவில் இரண்டு இடங்களில் செவிலியம் பட்டப்படிப்பானது. ஒன்று டெல்லி, மற்றொன்று வேலூர். அதற்கு முன்பும் நர்ஸ்கள் பயிற்சி பெற்றுத்தான் வந்தார்கள். சென்னை பொது மருத்துவமனையில் 1871லேயே பயிற்சி தொடங்கிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கவேண்டிய அறிவுத்துறை இது என்பதை ஏற்க இந்த நாட்டுக்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை இடம், பி.எஸ்ஸி. நர்சிங் மாணவிகளைச் சேர்க்கும் கல்லூரியாக வளர்ந்தது இப்படித்தான். டெல்லியில் இன்று ராஜ்குமாரி அம்ருத் கௌர் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரி, பின்னர் முதுநிலைப் படிப்பையும் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியது.

அந்த வரிசையில்தான் இன்று இந்த அரங்கில் செவிலியப் பட்டம் வாங்குபவர்களும் நிற்கிறார்கள். விருந்து முடிந்து வீடு போனதும் உறவினர்கள் கேட்கப்போகும் கேள்வி தெரிந்ததே: “அடுத்து எம்.எஸ்ஸி.யா, ஃபாரினா?” பெரும்பாலான வீடுகளில் பேச்சு அங்கிருந்து நேராகக் கல்லூரிப் பெயருக்குத் தாவிவிடும். எந்தக் கல்லூரி பக்கம், எங்கே கட்டணம் குறைவு, எங்கே ஹாஸ்டல் நன்றாக இருக்கிறது என்று விசாரணை தொடங்கும். எந்த நோயாளிகளோடு மகள் அடுத்த முப்பது ஆண்டுகள் வாழப்போகிறாள் என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதே இல்லை. முதலில் கேட்கவேண்டியது அதுதான்.

எம்.எஸ்ஸி. நர்சிங் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. பி.எஸ்ஸி.யிலோ போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி.யிலோ 55 விழுக்காடு மதிப்பெண், மாநிலச் செவிலியர் மன்றப் பதிவு, ஓராண்டுப் பணி அனுபவம் ஆகியவை இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அடிப்படைத் தகுதிகள். பிரிவுகள் ஐந்து: மெடிக்கல் சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம், சமுதாய நலம். மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள்ளேயே இதயம், நரம்பு, சிறுநீரகம், புற்றுநோய், தீவிர சிகிச்சை என்று கிளைகள் பிரிகின்றன.

இந்தத் தகுதிகளில் ஓராண்டு அனுபவத்தைத்தான் பலர் தடங்கலாக நினைக்கிறார்கள். சிலர் எங்கோ ஒரு அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது பெரிது.

ஐ.சி.யூ.வில் ஓர் இரவை எண்ணிப் பார்க்கலாம். மணி இரண்டு. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் ஆக்சிஜன் அளவு 97இலிருந்து 92க்கு இறங்குகிறது. சளி அடைத்திருக்கிறதா, குழாய் நகர்ந்துவிட்டதா, இணைப்பு எங்காவது கழன்றிருக்கிறதா? புதிதாக வந்த நர்ஸ் முதலில் மானிட்டரைப் பார்க்கிறார். பத்தாண்டு அனுபவமுள்ள சிஸ்டர் நோயாளியின் நெஞ்சைப் பார்க்கிறார், இரு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா என்று. பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறார். ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் குறைந்திருந்தால் குழாய் ஆழமாக இறங்கி ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றுப் போகிறது என்ற சந்தேகம் உடனே எழுகிறது. பக்கத்தில் நின்று இதைப் பார்த்த இளம் நர்ஸுக்கு, ஏன் அந்தப் பக்கம், ஏன் அவ்வளவு வேகத்தில் அளவு இறங்கியது என்று மறுநாள் காலை வரை கேள்விகள் ஓயாமல் இருந்தால், அவர் தீவிர சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கலாம். அதே ஐ.சி.யூ.வில் வேலை செய்யும் இன்னொருவருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முகம்தான் மனதில் நிற்கும். அவருக்கு வேறு பிரிவு காத்திருக்கிறது. இந்தத் தெளிவைப் பிராஸ்பெக்டஸ் தராது, ஓராண்டு டியூட்டி தரும்.

நோயாளிகளைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சையளிக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணி அமெரிக்காவில் பிறந்த கதை, களம்தான் படிப்புக்கு வழிகாட்டும் என்பதற்கு நல்ல சான்று. லொரெட்டா ஃபோர்ட் கொலராடோ மாநிலத்தில் பொது சுகாதார நர்ஸாக வேலை பார்த்தவர். மருத்துவர் எட்டிப்பார்க்காத இடங்களில் குழந்தைகளைப் பரிசோதிப்பதும் தாய்மாருக்கு வழிசொல்வதும் நர்ஸ்கள்தான் என்பதைக் கண்ணால் கண்டவர். அந்த வேலைக்குரிய ஆழ்ந்த பயிற்சியை ஏன் முறையாகக் கொடுக்கக்கூடாது என்று கேட்டு, குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரோடு சேர்ந்து 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பைத் தொடங்கினார். களத்தில் கண்ட குறையிலிருந்து பிறந்த பாடத்திட்டம் அது. இன்று அங்கே லட்சக்கணக்கானோர் அந்தப் பெயரில் நோயாளிகளைப் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் நிலைமை வேறு. இங்கே எம்.எஸ்ஸி. முடித்தவர் பெரும்பாலும் வார்டிலிருந்து வெளியேறி வகுப்பறைக்குப் போகிறார். டியூட்டர், பிறகு விரிவுரையாளர், பேராசிரியர், முதல்வர் என்று அந்த ஏணி தெளிவாக இருக்கிறது. கற்பிப்பதில் உண்மையான விருப்பம் உள்ளவர்கள் அதில் ஏறவேண்டும், நல்ல ஆசிரியர்களுக்கு எப்போதும் பஞ்சம்தான். ஆனால் அதிகம் படித்த நர்ஸ்கள் எல்லோரும் நோயாளியைவிட்டு விலகிப்போவது நாட்டுக்கு நல்லதல்ல. செவிலியர் ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 விழுக்காடு கூடுதலாக இருந்த இடங்களில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வும் 2014இல் இதே திசையைத்தான் காட்டியது. அந்தப் பட்டதாரிகள் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். இறப்புக் குறைவோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது அதையும்தான்.

ஆகவே படித்த பிறகும் நோயாளியோடு இருக்க வழிசெய்யும் படிப்புகளைத் தேடவேண்டும். தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு அப்படிப்பட்டது. இரண்டாண்டு ரெசிடென்சி, பெரும்பகுதி ஐ.சி.யூ.விலேயே கழியும். முடித்தவர்களுக்குரிய பதவிப் பெயரும் ஊதிய விகிதமும் எல்லா மருத்துவமனைகளிலும் இன்னும் ஒழுங்காக உருவாகவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். சேரும் முன்பே, முன்னால் படித்துப் போனவர்கள் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சமுதாய நலப் பிரிவைக் கடைசி வாய்ப்பாக நினைக்கிறவர்கள் இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அப்படி நினைப்பது வருத்தமளிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்களை முறைவைத்து அமர்த்தி, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கலாம் என்று செய்துகாட்டிய மாநிலம் இது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது, படுத்த படுக்கையானவர்களைத் தேடி நர்ஸை அனுப்புகிறது. இத்தகைய திட்டங்களைத் திட்டமிட, அளவிட, திருத்தத் தெரிந்த நர்ஸ்கள் இன்னும் நிறைய வேண்டும்.

மனநலப் பிரிவின் கதையும் அதுவே. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794க்குப் போகிறது, பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் அந்தப் பிரிவுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இருந்தும் வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல நர்ஸ் யார் என்பதைத் தனியாகவே வரையறுக்கிறது. வேலைக்குச் சட்டத்தின் ஏற்பு இருக்கிறது, ஆட்கள்தான் போதவில்லை.

பிரிவு முடிவானால் கல்லூரியைப் பார்க்கலாம். அப்போது கட்டடத்தைப் பார்க்காமல் வார்டைப் பார்க்கவேண்டும். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் தேர்ந்தெடுத்த பிரிவுக்கு எத்தனை படுக்கைகள், அவற்றில் நோயாளிகள் இருக்கிறார்களா? மகப்பேறு படிக்கப் போகிறவர் அங்கே மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது என்று கேட்கலாம். வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். அஞ்சல்வழியில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

நூலகத்துக்குப் போய்ப் பழைய ஆய்வேடுகளையும் புரட்டிப் பார்க்கவேண்டும். கல்லூரியின் உண்மையான தரம் அந்த அலமாரியில் தெரியும். அறுபது பேரை எடுத்து, முன்தேர்வு வைத்து, ஒரு கற்பித்தல் திட்டம் நடத்தி, ஒரு வாரத்தில் பின்தேர்வு வைத்து, அறிவு கூடியது என்று முடிக்கும் ஆய்வேடுகள் வரிசையாக இருந்தால் யோசிக்கவேண்டும். பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடும், அதற்கு ஆய்வு தேவையில்லை. படுக்கைப் புண் குறைந்ததா, வடிகுழாயால் வரும் தொற்று குறைந்ததா, தாய் வீட்டுக்குப் போன பிறகும் தாய்ப்பால் தொடர்ந்ததா என்று நோயாளியிடம் போய் முடியும் கேள்விகள் அந்த அலமாரியில் இருந்தால், அங்கே படிக்கலாம்.

வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசவேண்டும். அரசு நர்ஸ் பணிக்கும் எய்ம்ஸ் நடத்தும் நார்செட் பணித்தேர்வுக்கும் எம்.எஸ்ஸி. தேவையில்லை. தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்குக் காத்திருப்பவருக்கு முதுநிலைப் பட்டம் சம்பளத்தை உடனே உயர்த்திவிடாது. வெளிநாடு போக நினைப்பவர் இன்னொன்றைக் கணக்கில் வைக்கவேண்டும்: வளைகுடா நாடுகள் பட்டத்தோடு அண்மைய வார்டு அனுபவத்தையும் கேட்கின்றன. மூன்றாண்டு வார்டில் இருந்துவிட்டு எம்.எஸ்ஸி. படிப்பவருக்கு உள்ளூர், வெளிநாடு என இரண்டு கதவும் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கு முன்பே மேற்படிப்பையும் முடித்துவிடட்டும் என்ற அவசரத்தில்தான் பல பெண்கள் பக்கத்து ஊர்க் கல்லூரியில், கிடைத்த பிரிவில் சேர்ந்துவிடுகிறார்கள். மகள் ஓராண்டோ ஈராண்டோ நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து, எனக்கு இந்தப் பிரிவுதான் வேண்டும், அது வேலூரில் இருக்கிறது, பெங்களூரில் இருக்கிறது என்று சொல்வாள். அன்றைக்கு ரயில் டிக்கெட் எடுத்துக்கொடுத்து, அந்த வார்டைப் பார்த்துவர அவளோடு கூடப் போங்கள்.