வாக்கில்லா வாசல்

(நாமக்கல் செயல்வீரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்தால் கொடி கட்டிய நம் வண்டி போகாத தெரு உண்டா? உண்டு! பரமத்தி முகாமின் தெரு. தாரமங்கலத்தை அடுத்த பவளத்தானூர் முகாமின் தெரு. தம்மம்பட்டிப் பக்கத்து நாகியம்பட்டி முகாமின் தெரு. அங்கே ஆளில்லையா? இருக்கிறார்கள், வாக்குத்தான் இல்லை. வாக்கில்லா வாசலில் வண்டிக்கென்ன வேலை என்று ஓட்டுநரே முடிவு கட்டிவிடுகிறார்!

யார் அவர்கள்? 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோதும் அதன் பின்னும், கட்டிய துணியோடு கடல் கடந்து வந்த தமிழர். அவர்தம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவருள் மலையகத்தார் பலர். தேயிலைத் தோட்டத்தில் தேய்ந்தவரை 1948இல் ஒரு சட்டம் தீட்டி நாடற்றவராக்கிற்று இலங்கை அரசு. 1964இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தனர். மந்தையைப் பிரிப்பவன்கூட ஆட்டின் முகத்தைப் பார்ப்பான்! ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவர் குடிமக்களாயினர். கலவரத்துக்கு அஞ்சிப் படகில் வந்தவர் அகதிகளாயினர்.

2021இல் தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாமை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது, புதுவீடுகளும் அறிவித்தது. நன்று. ஆனால் நாடகம் எழுதுகிறவன் நான். பாத்திரத்தின் பெயரை மாற்றினால் போதாது, வசனத்தையும் மாற்றியாக வேண்டும் என்பதறிவேன். 2019இல் டெல்லி திருத்திய குடியுரிமைச் சட்டத்திலோ இவர்களுக்கு இடமே இல்லை.

எனினும், பழைய சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 3ஆம் பிரிவு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அவர்தம் பிள்ளை 2004 டிசம்பர் 3க்கு முன் இங்கே பிறந்திருந்தால், அப்பிள்ளைக்கும் அவ்வுரிமை உண்டு.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர் கடவுச்சீட்டு கேட்டார், மறுத்தார்கள். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார், 2022இல் வென்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தார். அத்தனை ஆண்டுகளும் அவர் குடிமகளே! எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை!

அந்த ஆள் நீங்கள்தாம், தோழர்களே! தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஏடு படித்துக் காட்டி அரசியல் வளர்த்த இயக்கம் நமது. முகாமிலே ஒரு படிப்பகம் வைக்க முடியாதா? வண்ணம் பூசும் வேலைக்குச் சென்றவர் வீடு திரும்பும் மாலையில் செல்லுங்கள். சட்டத்தைப் படித்துக் காட்டுங்கள். சொற்பொழிவு வேண்டாம்; என்னையும் அழைக்க வேண்டாம்!

வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவரே கிராமசபை உறுப்பினர். ஆகவே, முகாமின் குழாயில் நீர் வராவிட்டால், அதைக் குடிக்கிறவருக்குச் சபையில் குரலில்லை. அவர் குறையைக் கேட்டு, அவருக்காக எழுந்து பேசுங்கள்.

வீடுதோறும் இரண்டே கேள்விகள்: எந்த ஆண்டு, எந்த ஊரில் பிறந்தீர்? சான்று உண்டா? சான்று தொலைந்திருந்தால் பிறந்த ஊர்ப் பதிவேட்டில் தேடுவோம். படிவத்தில் கையெழுத்து வாங்க அவசரப்படாதீர்கள். வழக்கறிஞர் முதலில் பார்க்கட்டும். நம் பிழை அவர்கள் தலையில் விடியக் கூடாது.

வரும் ஞாயிறு பரமத்தியில் தொடங்குகிறோம். கொடி வேண்டாம், குறிப்பேடும் பேனாவும் எடுத்து வாருங்கள்.